பெட்டியில் இருக்கும் வாட், வானில் ஏறும் வாட்: செட்டிநாட்டு வீட்டில் ஹாம் ஆண்டெனா அமைப்பவருக்கு

ஹாம் வானொலிக்கு, அதாவது உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வானொலிக்கு, புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாட் ரேடியோ வாங்கலாம்?" என்பதுதான். கேள்வியில் தவறில்லை. ஆனால், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாட்டுக்கும், ஆண்டெனாவிலிருந்து எதிர்முனை நண்பரின் திசையில் உண்மையாகப் புறப்படும் வாட்டுக்கும் இடையில் கேபிள், கனெக்டர், ஆண்டெனா என்ற மூன்றும் நிற்கின்றன. முதல் இரண்டும் திறனைத் தின்னும். மூன்றாவது அதைத் திரட்டிக் கொடுக்கும். இந்த மூன்றையும் கணக்கில் எடுத்த பிறகு மிஞ்சும் எண்ணையே பயனுறு கதிர்வீச்சுத் திறன், சுருக்கமாக இஆர்பி, என்கிறோம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் உள்ள நீண்ட பழைய வீடுகளில் ரேடியோ அமைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மற்ற ஊர்க்காரர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீட்டில், கேபிளும் அதே அளவுக்கு நீண்டுவிடுகிறது என்பதே காரணம்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அலைபரப்புவதற்கு ஏஎஸ்ஓசி எனப்படும் ஹாம் இயக்குநர் சான்றிதழ்த் தேர்வில் தேறி, மத்திய தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவு வழங்கும் உரிமமும் அழைப்புக்குறியும் பெற்றிருக்க வேண்டும். எந்த அலைவரிசையில் எத்தனை வாட் வரை போகலாம் என்பதற்கு உங்கள் உரிமத்தில் உள்ள வரம்பே முடிவானது. கீழே வரும் கணக்குகள் அந்த வரம்புக்குள் நின்று, கையில் இருக்கும் திறனை வீணாக்காமல் பயன்படுத்துவதற்கானவை.

டெசிபலைக் கூட்டல் கழித்தலாகப் பழகுதல்

இஆர்பி கணக்கை வாட்டில் போட்டால் பெருக்கலும் வகுத்தலுமாக நீளும். இரு திறன்களின் விகிதத்தைச் சொல்லும் அளவான டெசிபலில் போட்டால் வெறும் கூட்டல் கழித்தல்தான். மனப்பாடம் செய்ய வேண்டியவை சில எண்கள் மட்டுமே: 3 டெசிபல் கூடினால் திறன் இரு மடங்கு, 6 கூடினால் நான்கு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு; 1 டெசிபல் என்பது ஏறத்தாழ 1.26 மடங்கு. குறைவதும் இதே விகிதத்தில்தான்: 3 டெசிபல் இழப்பு என்றால் பாதி போய்விட்டது, 6 இழப்பு என்றால் கால் பங்குதான் மிச்சம்.

ஒரு வாட்டை அடிப்படையாகக் கொண்ட அளவை டிபிடபிள்யூ என்று எழுதுவார்கள். 1 வாட் என்பது 0 டிபிடபிள்யூ, 5 வாட் கையடக்க ரேடியோ 7 டிபிடபிள்யூ, 50 வாட் ரேடியோ 17 டிபிடபிள்யூ, 100 வாட் 20 டிபிடபிள்யூ. ரேடியோவின் திறனை டிபிடபிள்யூவில் எழுதி, கேபிள் இழப்பையும் கனெக்டர் இழப்பையும் கழித்து, ஆண்டெனாவின் ஈட்டத்தை, அதாவது கெயினைக் கூட்டினால் இஆர்பி கிடைத்துவிடும். ஈட்டத்தை, நடுவில் கேபிள் இணைத்த இரு சம நீளக் கம்பிகளான டைபோல் ஆண்டெனாவோடு ஒப்பிட்டு எழுதிய எண்ணையே இங்கே கூட்ட வேண்டும். அதை டிபிடி என்று குறிப்பிடுவார்கள்.

வீட்டின் நீளமும் கேபிளின் இழப்பும்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ரேடியோ முகப்பை ஒட்டிய அறையில் இருக்கிறது. வளவை, அதாவது உள்முற்றப் பகுதியைத் தாண்டி, இரண்டாம் கட்டின் மேலுள்ள மொட்டை மாடியில் குழாய் நட்டு, அதன் உச்சியில் ஒரு கிரவுண்ட் பிளேன் ஆண்டெனா, அதாவது நிற்கும் கம்பி ஒன்றும் அதன் அடியில் சுற்றிலும் நான்கு கம்பிகளும் கொண்டது. இடையில் 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள். ரேடியோ 50 வாட், அலைவரிசை 145 மெகாஹெர்ட்ஸ்.

ஆர்ஜி-58 கேபிள் இந்த அலைவரிசையில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 20 டெசிபல் இழக்கும். ஆகவே 30 மீட்டருக்கு 6 டெசிபல். கனெக்டர்களுக்கு அரை டெசிபல் வைத்துக்கொள்வோம். கிரவுண்ட் பிளேனின் ஈட்டத்தை 0 டிபிடி என்று கொள்வதில் பெரிய பிழை வராது. பதினேழில் ஆறரை போனால் பத்தரை. அது சுமார் 11 வாட். ஐம்பது வாட்டில் ஏறக்குறைய 39 வாட், யாருக்கும் கேட்காமல் கேபிளைச் சூடாக்கிவிட்டுப் போய்விட்டது.

அதே நீளத்துக்கு எல்எம்ஆர்-400 வகைக் கேபிளைப் போட்டால் என்ன ஆகும்? அதன் இழப்பு இந்த அலைவரிசையில் 100 மீட்டருக்குச் சுமார் 5 டெசிபல்தான். 30 மீட்டருக்கு ஒன்றரை, கனெக்டருக்கு அரை, ஆக இரண்டு. மீதி 15 டிபிடபிள்யூ, அதாவது 31 வாட்டுக்கும் சற்று மேல். ரேடியோவையும் தொடவில்லை, ஆண்டெனாவையும் மாற்றவில்லை. இஆர்பி மூன்று மடங்கை நெருங்கிவிட்டது.

ஆனால், தடித்த கேபிளை வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டிய மலிவான வழி ஒன்று உண்டு: ரேடியோவை இடம் மாற்றுவது. மாடி அறையிலோ, மாடிப்படி முடியும் இடத்தில் உள்ள சிறு அறையிலோ ரேடியோவை வைத்தால் 8 மீட்டர் கேபிள் போதும். 100 மீட்டருக்கு 9 டெசிபல் இழக்கும் ஆர்ஜி-213 கேபிளில்கூட 8 மீட்டருக்கு 0.7 டெசிபல்தான் போகும். முகப்பில் உட்கார்ந்து பேசுவது வசதிதான். ஆனால் அந்த வசதிக்குத் தினமும் 6 டெசிபல் விலை கொடுக்க வேண்டுமா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இப்போது ஆண்டெனாவையும் மாற்றுவோம். மாடி அறையில் ரேடியோ, 8 மீட்டர் ஆர்ஜி-213, மேலே 5 டிபிடி ஈட்டமுள்ள மூன்று உறுப்பு யாகி, அதாவது கம்பிகள் வரிசையாக நின்று ஒரு திசையை நோக்கி வீசும் ஆண்டெனா. 17-இலிருந்து 0.7-ம் 0.5-ம் கழித்து 5 கூட்டினால் 20.8 டிபிடபிள்யூ, அது 120 வாட். இன்னும் ஒரு படி போய், 50 வாட் ரேடியோவுக்குப் பதிலாக 5 வாட் கையடக்க ரேடியோவை அதே கேபிளில் செருகிப் பாருங்கள்: 7-இலிருந்து 1.2 கழித்து 5 கூட்ட, 10.8 டிபிடபிள்யூ, அதாவது 12 வாட். யாகி நோக்கும் திசையில், மாடியில் இருக்கும் 5 வாட் பெட்டி, முகப்பில் இருக்கும் 50 வாட் பெட்டியைவிட ஒரு இம்மியளவு வலுவாகவே கேட்கும். ஆம்ப்ளிஃபயர் வாங்கக் கிளம்புகிறவர்கள் எல்லோரிடமும் இந்தக் கணக்கைத்தான் நான் முதலில் போட்டுக் காட்டுகிறேன்.

அதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. ஆம்ப்ளிஃபயர் நீங்கள் பேசுவதை மட்டுமே உயர்த்தும். கேபிள் இழப்பைக் குறைத்தாலும் ஆண்டெனாவை நல்லதாக்கினாலும், எதிர்முனையிலிருந்து வரும் மெல்லிய குரலும் அதே டெசிபல் அளவுக்கு உயரும். பேச மட்டும் முடிந்து, கேட்க முடியாத நிலையம் யாருக்கும் பயன்படாது.

எஸ்டபிள்யூஆர் மீட்டர் சொல்லாத செய்தி

ஆண்டெனா ஏற்காமல் எவ்வளவு திறன் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண் எஸ்டபிள்யூஆர்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. "மீட்டரில் எஸ்டபிள்யூஆர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆகவே ஆண்டெனா நன்றாக இருக்கிறது" என்ற முடிவுக்குப் பலரும் வந்துவிடுகிறார்கள். பள்ளத்தூரில் ஒரு நண்பர் அப்படித்தான் சொன்னார்: "அண்ணே, மீட்டர் ஒன்றரைக்கு மேலே போகவே இல்லை. ஆனால் தேவகோட்டையில் கேட்டால் இரைச்சலுக்குள்ளே இருக்கேன்கிறாங்க." அவரைக் கீழே மீட்டர் முன் உட்கார வைத்து, ரேடியோவை மிகக் குறைந்த திறனுக்கு இறக்கச் சொல்லிவிட்டு, மாடியில் ஆண்டெனாவின் கனெக்டரையே கழற்றிவிட்டேன். கேபிளின் முனையில் இப்போது எதுவும் இல்லை. கீழிருந்து அவர் உரக்கப் படித்த எண் 1.7.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. அவருடைய கேபிளின் இழப்பு 6 டெசிபல். மேலே போகும் திறன் 6 டெசிபல் குறைந்து போய்ச் சேர்கிறது. ஆண்டெனா இல்லாததால் முழுவதும் திரும்புகிறது. திரும்பி வரும் வழியில் இன்னொரு 6 டெசிபல் குறைகிறது. மீட்டருக்கு வந்து சேர்வது, புறப்பட்டதைவிட 12 டெசிபல் குறைந்த எதிரொலி. அந்த விகிதத்துக்குக் கணக்குப் போட்டால் எஸ்டபிள்யூஆர் 1.67 என்றே வரும். கேபிள் மோசமாக மோசமாக, கீழே இருக்கும் மீட்டர் நல்ல செய்தியே சொல்லும். அந்த நண்பரின் கேபிளை மாடி முனையில் ஒரு சாண் அளவு சீவிப் பார்த்தபோது, வலை பின்னிய செம்பு பளபளப்பை இழந்து, பச்சையும் கருப்பும் கலந்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. மேலுறையில் வெடிப்பு விட்ட இடம் வழியாக மழைநீர் எத்தனையோ நாளாக உள்ளே இறங்கியிருக்கிறது.

ஆகவே எஸ்டபிள்யூஆரை ஆண்டெனாவின் காலடியில் அளக்க வேண்டும். அறையில் அளந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஆண்டெனாவையும் கேபிளையும் அளக்கும் நானோ-விஎன்ஏ என்ற சிறு கருவி கையில் இருந்தால் கேபிளின் இழப்பை நேரடியாகவே அறியலாம்: மறுமுனையைத் திறந்து வைத்துவிட்டு, எதிரொலி எத்தனை டெசிபல் குறைந்து வருகிறது என்று பார்த்து, அந்த எண்ணைப் பாதியாக்கினால் ஒருவழி இழப்பு வந்துவிடும். கருவி இல்லாதவர்கள், மறுமுனையில் டம்மி லோடு (ஆண்டெனாவுக்குப் பதிலாகத் திறனை வெப்பமாக்கும் மின்தடை) பொருத்தி, வாட் மீட்டரை முதலில் ரேடியோ பக்கமும் பிறகு டம்மி லோடு பக்கமும் வைத்து இரண்டு எண்களையும் ஒப்பிடலாம்.

எஸ்டபிள்யூஆர் பற்றித் தேவையில்லாத அச்சமும் வேண்டாம். ஆண்டெனாவில் 1.5 என்றால் திரும்புவது 4 விழுக்காடு. 2 என்றால் 11 விழுக்காடு. அதை 1.1-க்கு இறக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிப்பதைவிட, ஆண்டெனாவை இரண்டு மீட்டர் உயர்த்துவது பல மடங்கு பலன் தரும்.

கேபிளும் கனெக்டரும்

நம் ரேடியோக்கள் 50 ஓம் மின்மறுப்புக்கு (இம்பீடன்ஸ்) ஏற்றவை. நல்ல 50 ஓம் கேபிளுக்காகச் சென்னை வரை போக முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிள், காரைக்குடியில் எந்தக் கேபிள் டிவி கடையிலும் கிடைக்கும். அது 75 ஓம் கேபிள் என்றாலும், 145 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்குச் சுமார் 8 டெசிபல்தான் இழக்கிறது. அதாவது ஆர்ஜி-58-இன் இழப்பில் பாதிக்கும் குறைவு. டைபோல் ஆண்டெனாவின் மின்மறுப்பே 73 ஓம் என்பதால் மேல்முனையில் பொருத்தம் நன்றாகவே அமையும்; கீழே ரேடியோவுக்கு 1.5 எஸ்டபிள்யூஆர் தெரியும், அதை அது தாங்கும். முதல் எடுத்துக்காட்டில் உள்ள 30 மீட்டருக்கு இதையே போட்டு, மேலே டைபோல் வைத்தால், சுமார் 25 வாட் இஆர்பி கிடைக்கிறது. 11 வாட்டோடு ஒப்பிட்டால் இது சின்ன லாபம் இல்லை. ஆனால் அதன் வலை அலுமினியம். பற்ற வைக்க முடியாது, அதற்குரிய எஃப் கனெக்டரை இறுக்கிப் பொருத்தி, அடாப்டர் வழியாகத்தான் ரேடியோவுக்குப் போக வேண்டும்.

வெளியில் இருக்கும் ஒவ்வொரு இணைப்பையும் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரண இன்சுலேஷன் டேப்பையும் சுற்ற வேண்டும். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால், நீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. செம்பையும் அலுமினியத்தையும் நேரடியாக முடுக்கினால், ஈரம் பட்டவுடன் இரண்டுக்கும் இடையில் ஒரு சிறு மின்கலமே உருவாகி அலுமினியம் அரிக்கப்படும். இடையில் துருப்பிடிக்காத எஃகு வாஷர் வைப்பது நல்லது. உலோக அரிப்பை ஆராய்வதற்கென்றே பெயர் பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் காரைக்குடியில், இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஈட்டம் எங்கிருந்து வருகிறது

ஆண்டெனா புதிதாகத் திறன் எதையும் உண்டாக்குவதில்லை. தோசைக்கல்லில் ஊற்றிய ஒரு கரண்டி மாவை எப்படிப் பரப்பினாலும் மாவின் அளவு அதேதான். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் குறையும். யாகியின் 5 டிபிடி ஈட்டம் என்பது, பின்பக்கமும் பக்கவாட்டிலும் போக வேண்டிய திறனை முன்பக்கம் திரட்டியதன் விளைவு. ஆகவே இஆர்பி 120 வாட் என்று சொல்லும்போது, "எந்தத் திசையில்" என்ற கேள்வியும் உடன் வர வேண்டும். சுற்றியுள்ள எல்லா ஊர்களோடும் பேச விரும்புகிறவருக்குக் கிரவுண்ட் பிளேனும், ஒரே ஊரை அல்லது ஒரே ரிப்பீட்டரை (கேட்டதை மறுபடி அலைபரப்பும் நிலையத்தை) நோக்கிப் பேசுகிறவருக்கு யாகியும் பொருந்தும்.

ஆண்டெனா விளம்பரங்களில் ஈட்டத்தை டிபிஐ என்ற அளவில் எழுதியிருந்தால், அதிலிருந்து 2.15-ஐக் கழித்த பிறகே டிபிடி கிடைக்கும். டிபிஐ என்பது எல்லாத் திசைகளிலும் ஒரே சீராக வீசும் கற்பனை ஆண்டெனாவோடு ஒப்பிடுவது. அதனால் 6 டிபிஐ என்று எழுதியுள்ள ஆண்டெனா 3.85 டிபிடிதான். வெறும் "6 டிபி" என்று மட்டும் எழுதி, எதோடு ஒப்பிட்டது என்று சொல்லாத பொருளை நான் வாங்கமாட்டேன். சட்ட வரம்புகளிலும் இந்த வேறுபாடு வருகிறது: 2015-ஆம் ஆண்டின் உலக வானொலி மாநாடு 5351.5 முதல் 5366.5 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை ஹாம்களுக்கு ஒதுக்கியபோது, பொதுவான உச்சவரம்பை 15 வாட் இஐஆர்பி என்று கற்பனை ஆண்டெனாவின் அளவில்தான் வைத்தது. இஆர்பியாக மாற்ற அதை 1.64-ஆல் வகுக்க வேண்டும்; 9 வாட்டுக்குச் சற்று மேல் வரும்.

145 மெகாஹெர்ட்ஸுக்குக் கிரவுண்ட் பிளேன் செய்வது ஒரு மாலை வேலை. தகட்டில் பொருத்தும் எஸ்ஓ-239 சாக்கெட் ஒன்றும், 3 மில்லிமீட்டர் பித்தளை அல்லது செம்புக் கம்பியும் போதும். 71.3-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் நிற்கும் கம்பியின் நீளம் மீட்டரில் வரும்: 49 சென்டிமீட்டர். வெட்டும்போது 51 வைத்து வெட்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரிக்க வேண்டும். சாக்கெட்டின் நடுமுனையில் அதைப் பற்ற வைத்து, நான்கு மூலை ஓட்டைகளில் 52 சென்டிமீட்டர் நீளமுள்ள நான்கு கம்பிகளை முடுக்கி, அவற்றைக் கீழ்நோக்கி 45 பாகை வளைக்க வேண்டும். அந்த வளைவுதான் மின்மறுப்பை 50 ஓம் பக்கம் கொண்டுவருகிறது. படுக்கையாகவே விட்டால் 35 ஓம் அளவில்தான் நிற்கும்.

யாகி செய்கிறவர்கள், பின்னால் நிற்கும் ரிஃப்ளெக்டரை நடு உறுப்பைவிட 5 விழுக்காடு நீளமாகவும், முன்னால் நிற்கும் டைரக்டரை 5 விழுக்காடு குறைவாகவும் வைத்துத் தொடங்கலாம். எஃப்எம் பேச்சுக்கு உறுப்புகள் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒருவர் செங்குத்தாகவும் மற்றவர் படுக்கையாகவும் வைத்தால், நடைமுறையில் 20 டெசிபல் வரை போய்விடும். அதாவது நூறில் ஒரு பங்கே மிச்சம். செங்குத்து உறுப்புகளுக்கு நடுவே இரும்புக் குழாய் நின்றால் அதுவும் ஒரு உறுப்பாகி வேலையைக் கெடுக்கும் என்பதால், யாகியின் பின்முனையில் பிடிமானம் கொடுப்பது அல்லது மேல் இரண்டு மீட்டருக்குச் சவுக்குக் கம்பு போடுவது நல்லது.

வீட்டுக்குள்ளிருந்து கையடக்க ரேடியோவில் பேசிப் பார்த்து ஏமாந்தவர்களுக்கும் ஒரு சொல்: கனத்த சுண்ணாம்புச் சுவர்கள், முற்றத்துக்கு மேல் போட்டிருக்கும் இரும்புக் கம்பி வலை, பின்கட்டுத் தகரக் கூரை இவை எல்லாம் அலையை மறிப்பவை. ஆண்டெனா ஓட்டுக்கூரையின் மேல்விளிம்பைத் தாண்டியே இருக்க வேண்டும்.

உயரம்

சமநிலமான நம் பகுதியில், 145 மெகாஹெர்ட்ஸில் வாட்டைவிட உயரம் பெரியது. ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் வானொலி அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். 9 மீட்டர் உயரத்துக்கு 12 கி.மீ. இரு முனையிலும் 9 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 25 கி.மீ. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை நேர்கோட்டில் 15 கி.மீ.க்குள்தான் என்பதால் தாராளமாக எட்டும். புதுக்கோட்டை ஏறத்தாழ 35 கி.மீ.; அதற்கு இரு முனையிலும் 18 மீட்டர் வேண்டும், அல்லது ஒருவர் 16, மற்றவர் 20. அடிவானத்தைத் தாண்டினால் பேச்சு முற்றிலும் நின்றுவிடாது. ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வேகமாகத் தேயும்.

சமதரையில் உயரத்தை இரு மடங்காக்கினால் எதிர்முனையில் கிடைக்கும் திறன் 6 டெசிபல் வரை கூடுகிறது. நான்கு மடங்கு வாட் கொடுத்ததற்குச் சமம். 9 மீட்டரிலிருந்து 18-க்கு ஏற்றும்போது கூடுதலாக வரும் 9 மீட்டர் கேபிள், ஆர்ஜி-58 ஆனால் 1.8 டெசிபலையும் எல்எம்ஆர்-400 ஆனால் அரை டெசிபலுக்கும் குறைவாகவும் தின்னும். எப்படிப் பார்த்தாலும் லாபம்தான்.

மலைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். கொடைக்கானல் மலையில் 2100 மீட்டர் உயரத்தில் ஓர் ஆண்டெனா இருந்தால் அதன் அடிவானம் 189 கி.மீ.; காரைக்குடி நேர்கோட்டில் 140 கி.மீ. தொலைவில் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் அந்தக் கோட்டின் நடுவில் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலைத் தொடர் நிற்கிறது. புவியின் வளைவையும் சேர்த்துக் கணக்கிட்டால், சிறுமலை இருக்கும் இடத்தில் அலையின் பாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1050 மீட்டர் உயரத்தில் போகிறது. சிறுமலையின் சிகரங்கள் அதைவிட உயரம். ஆகவே வாய்ப்பாடு போதாது. நில வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

சிற்றலையில் கணக்கு வேறு

7 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 கேபிளே 30 மீட்டருக்கு ஒன்றேகால் டெசிபல் அளவில்தான் இழக்கும். முகப்பிலேயே ரேடியோவை வைத்துக்கொள்ளலாம். இங்கே கவலைப்பட வேண்டியது கேபிளைப் பற்றி அல்ல, திறன் எந்தக் கோணத்தில் மேலேறுகிறது என்பதைப் பற்றி.

143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோலின் மொத்த நீளம் வரும்: 7.1-க்கு 20 மீட்டருக்குச் சற்று மேல், 14.2-க்கு 10 மீட்டர். நீண்ட வீட்டின் நன்மை இங்கே கைகொடுக்கிறது. இருபது மீட்டர் கம்பியை முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் இடையில் எளிதாகக் கட்டிவிடலாம். தரையிலிருந்து 10 மீட்டரில் கட்டிய 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல், அலையின் நீளத்தில் கால் பங்கு உயரத்தில்தான் இருக்கிறது. அது திறனின் பெரும்பகுதியை நேர் மேலே அனுப்பும். வானின் மேலடுக்கான அயனமண்டலத்தில் பட்டு அது சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்குள் இறங்கும். தமிழ்நாட்டுக்குள்ளும் இலங்கையோடும் பகலில் பேச இதைவிட நல்ல அமைப்பு இல்லை. உயரம் குறைவு என்று வருந்தத் தேவையே இல்லை.

பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினரோடு பேச விரும்புகிறவர்கள் இந்தப் பகுதியில் நிறைய. அதற்குத் திறன் தாழ்ந்த கோணத்தில் போக வேண்டும். 14 மெகாஹெர்ட்ஸ் டைபோலை அதே 10 மீட்டரில் கட்டினால் அது அரை அலை உயரம். திறனின் உச்சம் 30 பாகைக்கு இறங்கிவிடும். இன்னும் உயர்த்த உயர்த்தக் கோணம் இன்னும் தாழும். சிங்கப்பூர் இங்கிருந்து 2900 கி.மீ. அளவில், கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே சாய்ந்த திசையில் இருக்கிறது. டைபோல் தன் கம்பிக்குக் குறுக்காகத்தான் வலுவாக வீசும் என்பதால், கம்பி ஏறத்தாழ வடக்கு தெற்காக ஓட வேண்டும். வீடு கிழக்கு மேற்காக நீண்டிருந்தால், வீட்டின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிய கம்பி வடக்கிலும் தெற்கிலும்தான் வீசும். பத்து மீட்டர் கம்பி என்பதால் அதைக் குறுக்காகக் கட்டவும் இடம் கிடைத்துவிடும். கட்டுமுன் திசைகாட்டியை ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

பாதுகாப்பு

மின்வாரியக் கம்பிகளுக்கு அருகில் கம்பம் நடக் கூடாது. கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தொலைவு வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. ஆடிக் காற்று தொடங்குமுன் இழுவைக் கயிறுகளையும் கொக்கிகளையும் சரிபார்த்துவிடுங்கள். பழைய சுண்ணாம்புப் பூச்சில் கொக்கி அடித்தால் பிடிக்காது. கைப்பிடிச் சுவரில் பட்டை போட்டுக் கட்டுவதே உறுதி.

நம் செம்புறை மண் கோடையில் வறண்டுவிடுவதால் எர்த் பலவீனமாகும். எலக்ட்ரீஷியன்கள் செய்வதுபோல் கரியும் உப்பும் போட்டுக் குழி எடுத்து, கோடையில் நீர் ஊற்றி வர வேண்டும். கம்பத்தையும் கேபிளின் வெளிவலையையும் அந்த எர்த்தோடு இணைக்க வேண்டும். இடி முழங்கும் மாலைகளில் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள். நேரடி மின்னலை எந்தத் தடுப்பானும் முழுதாகத் தாங்காது.

இஆர்பி கூடும்போது பொறுப்பும் கூடுகிறது. 120 வாட் இஆர்பி தரும் யாகி, பக்கத்து மாடியில் வற்றல் காயப்போடும் ஆச்சியின் முகத்துக்கு நேராக இருக்கக் கூடாது. ஆள் நடமாடும் உயரத்துக்கு நன்றாக மேலே அதை ஏற்றுங்கள். மேலே ஆள் ஏறி வேலை செய்யும்போது ரேடியோவின் மின்சாரத்தையே துண்டித்து வையுங்கள்.

சோதித்துப் பார்த்தல்

கணக்கு சரிதானா என்று அறிய, 10 முதல் 20 கி.மீ. தொலைவில் உள்ள ஒரு நண்பர் போதும். அவருடைய ரேடியோவில் வரும் அலையின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டர் எண்ணை நம்புவதைவிட, உங்கள் திறனைப் படிப்படியாகக் குறைத்து, எந்த இடத்தில் அவருக்கு இரைச்சல் தொடங்குகிறது என்று கேட்பது துல்லியமான முறை. எஸ் மீட்டரில் ஒரு படி 6 டெசிபல் என்பது வழக்கம் என்றாலும், எஃப்எம் ரேடியோக்களில் அந்த மீட்டர் பெரும்பாலும் அதைப் பின்பற்றுவதில்லை. பழைய அமைப்பில் 20 வாட்டில் இரைச்சல் தொடங்கியது, புதிய அமைப்பில் 2 வாட்டில் தொடங்கியது என்றால், நீங்கள் 10 டெசிபல் சம்பாதித்திருக்கிறீர்கள். ஒரே நாளில், ஒரே நேரத்தை ஒட்டி இரண்டையும் சோதிக்க வேண்டும். அதிகாலையில் காற்றின் வெப்ப அடுக்குகள் அலையை வளைத்துத் தொலைவுக்குக் கொண்டுபோவது உண்டு என்பதால், காலையில் எடுத்த எண்ணையும் நண்பகலில் எடுத்த எண்ணையும் ஒப்பிடுவது சரிப்படாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: முதலில் கேபிள், பிறகு உயரம், அதன்பின் ஆண்டெனா. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி, கேபிளின் வகையும் நீளமும், ஆண்டெனாவின் உயரம், இரைச்சல் தொடங்கிய வாட் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் அதே நண்பரோடு அதே சோதனையைத் திரும்பச் செய்து, இரைச்சல் தொடங்கும் வாட் இரண்டு டெசிபலுக்கு மேல் ஏறியிருந்தால், முதலில் மாடிமுனைக் கனெக்டரைப் பிரித்து நீர் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.